இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள்

செம்பாக்கம்,
15 அக்டோபர் 2023

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

நீ ஜெர்மனி போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்களை அம்மாவும் அத்தாவும் பார்த்தாகிவிட்டது. "என்ன இந்தப் பொண்ணு இப்படி இளைச்சிப் போச்சு, அங்க சோறு கிடைக்குதா இல்லையா" என்று அம்மா தினமும் கேட்கிறாள். படமெல்லாம் எனக்குப் போதாது. மாதம் ஒரு கடிதம், மெயிலில்தான் என்றாலும் ஊரும் தேதியும் போட்டு ஒழுங்காக எழுதுவது என்று விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நீதான். கடைசியில் முதல் கடிதத்தை நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

எம்.ஏ. இரண்டாம் வருடம் நன்றாகத்தான் போகிறது. பெஞ்சில் நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது என் பை உட்கார்ந்திருக்கிறது. தமிழ் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போன பெண் என்று துறைத்தலைவர் வேதசிரோமணி மேடம் ஜூனியர்களிடம் உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஆய்வேட்டுத் தலைப்பு முடிவாகிவிட்டது: "சங்க அகப்பாடல்களில் கேட்போர்." பி.ஏ. முதல் வருடத்திலிருந்து நான் எழுதிவந்த ஒன்பது நோட்டும் இதற்குத்தான் போலிருக்கிறது. யார் பேசுகிறார் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். யார் கேட்கிறார் என்றுதான் நான் ஒவ்வொரு பாட்டுக்கும் குறித்து வைத்தேன். தலைவி தோழியிடம் பேசுகிறாள். ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டியது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு. அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் நிற்கிறான் என்பது அவள் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில்தான் தெரிகிறது. அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு ருசி.

நீ கேட்டாய் என்று மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது நோட்டையும் போட்டோ எடுத்துப் பென் டிரைவில் கொடுத்தேனே, திறந்தாவது பார்த்தாயா? "ஊர் ஞாபகம் வந்தா படிப்பேன்டி" என்றாய். ஊர் ஞாபகம் இன்னும் வரவில்லையா?

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ருக்கு

*

ஸ்டுட்கார்ட்,
12 நவம்பர் 2023

என் ருக்குவுக்கு,

திட்டு எல்லாம் வாங்கிக்கொண்டேன். ஊர் ஞாபகம் வராமலா? சாயங்காலம் நாலரைக்கு இருட்டிவிடுகிறது. அறையில் நான் ஒருத்தி. இந்த நேரத்துக்குத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று யோசிப்பேன். யாராவது என்னை இடித்துக்கொண்டு போனால் நன்றாக இருக்கும் போலத் தோன்றும்.

அப்படியான ஒரு நாளில்தான் உன் நோட்டுகளைத் திறந்தேன். படித்ததோடு நிற்காமல் டைப் செய்யவும் ஆரம்பித்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு மணி நேரம் உன் கையெழுத்தோடு உட்காருகிறேன். நீ பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது.

வகுப்பில் ஒவ்வொருவரையும் அவரவர் மொழியில் ஏதாவது ஒரு தொகுப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை வைத்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருத்தன் பத்திரிகைச் செய்திகளைக் கொண்டுவந்தான், ஒருத்தி சமையல் குறிப்பு. நான் உன் குறிப்புகளில் முந்நூறைக் கொடுத்துப் பார்த்தேன். யார் பேசுவது என்று கேட்டால் இயந்திரம் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது ருக்கு. யார் கேட்பது என்றால் திணறுகிறது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது" என்றார். என் தோழி என்றேன்.

நீ செம்பாக்கத்தில் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டு எழுதினது இங்கே ஒரு பெரிய அறையில் திரையில் ஓடுகிறது. நாம் படித்தது பழசு, இவர்கள் செய்வது புதுசு என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் பிரிக்க முடியாது போலிருக்கிறது.

ஆன்ட்டியிடம் நான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல். உன் அத்தா காஜா அங்கிளுக்கு என் வணக்கம்.

உன்,
ஸ்ம்ருதி

*

செம்பாக்கம்,
20 டிசம்பர் 2023

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

இங்கே வந்த வெள்ளத்தைச் செய்தியில் பார்த்திருப்பாய். நாங்கள் நால்வரும் பத்திரமாக இருக்கிறோம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

மழை தொடங்கிய மறுநாள் விடிகாலையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கணுக்கால், அத்தா பைக்கைத் திண்டில் ஏற்றிவிட்டு வருவதற்குள் முழங்கால். தம்பி ஜைத் அம்மாவைத் தாங்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏற்றினான். நான்கு நாள் கரண்ட் இல்லை. கேம்ப் ரோட்டில் அத்தாவின் சீட் கவர் கடையிலும் தண்ணீர். தைத்து வைத்ததெல்லாம் சேற்றில் கிடந்தது. அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. தண்ணீர் வடிந்தபிறகு திறந்தேன். ஜெல் பேனா மை, உனக்குத் தெரியுமே. கொடியில் பக்கம் பக்கமாகக் காயப் போட்டேன். காய்ந்தபிறகு ஒன்பது நோட்டிலும் நீலக் கறைதான் இருக்கிறது, எழுத்து இல்லை. போனும் தண்ணீரில் போய்விட்டது. இதை மாடி வீட்டு ப்ரியா அக்காவின் லேப்டாப்பில் எழுதுகிறேன்.

"போனா போவுது, நாலு உசுரும் கீதுல்ல" என்று அத்தா சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன்.

உன்னிடம் எல்லாம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் தேறினேன். எவ்வளவு டைப் செய்திருக்கிறாயோ அவ்வளவையும் அனுப்பு. ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

ருக்கு

*

ஸ்டுட்கார்ட்,
7 ஜனவரி 2024

என் ருக்குவுக்கு,

விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒன்பது நோட்டையும் முடித்துவிட்டேன். இணைத்திருக்கிறேன். நீ எழுதியபடியே, ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆறாவது நோட்டில் இரண்டு இடத்தில் உன் கையெழுத்து புரியவில்லை, கேள்விக்குறி போட்டிருக்கிறேன். போட்டோக்கள் பெரிதாக இருக்கின்றன, பிறகு அனுப்புகிறேன்.

நீ கொடியில் காயப் போட்டதை நினைத்து நான் இங்கே அழுதேன். பக்கத்து அறைப் பெண் பென்னி வந்து கதவைத் தட்டினாள். என்னவென்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இதை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். விவரம் எல்லாம் பிறகு.

உன்,
ஸ்ம்ருதி

*

செம்பாக்கம்,
18 ஏப்ரல் 2024

ஸ்ம்ருதிக்கு,

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன் என்று போன வாரம் சொன்னேன். நேற்று மேடம் கூப்பிட்டனுப்பினார்.

இப்போதெல்லாம் ஆய்வேடுகளை ஒரு மென்பொருளில் போட்டு வேறெங்காவது இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். என்னுடையது அறுபத்து நான்கு சதவிகிதம் ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. பக்கம் பக்கமாகச் சிவப்பு. ஓரத்தில் எல்லா இடத்திலும் ஒரே பெயர்.

"நம்ம ஸ்ம்ருதிதானே இது?" என்று மேடம் கேட்டார்.

"ஆமா மேடம். ஆனா எழுதினது நான்."

"பிப்ரவரியிலயே அவ பேர்ல இணையத்துல இருக்கேம்மா."

"என் நோட்டுலேருந்து அவ டைப் பண்ணது மேடம்."

"ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தான் உட்காருவீங்க. எது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நோட்டைக் கொண்டுவா."

கொண்டுபோனேன். ஊதிப்போன ஒன்பது நோட்டு. அவர் ஒன்றை விரித்தார், இன்னொன்றை விரித்தார், மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்கு அதில் என்ன தெரியும்? போட்டோக்களையும் நீ இன்னும் அனுப்பவில்லை.

உன் கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறாய். கூடவே என் குறிப்புகள் எல்லாம் தமிழிலேயே, உன் பெயரில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. கடைசியில் 'உதவிய தோழிக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன், அதற்குமேல் இல்லை. பெயர் தெரியாமல் போன புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த நல்ல சொல் ஒன்றையே எடுத்துப் பெயராக வைத்தவர்களைப் பற்றி நாம் படித்தோம். அவர்கள் கையில் இருந்தது ஓலையும் எழுத்தாணியும்தான். உன்னிடம் என் பெயர் இருந்தது ஸ்ம்ருதி.

சண்டை போட எழுதவில்லை. கட்டுரை எழுதப்போவதாக நீ சொன்னபோது உனக்கு நல்லது நடக்கிறது என்றுதான் சந்தோஷப்பட்டேன். மேடம் பத்து நாள் கொடுத்திருக்கிறார். இந்தக் குறிப்புகள் ருக்ஸானாவுடையவை என்று துறைக்கு நீ நான்கு வரி எழுதினால் போதும். இல்லாவிட்டால் ஆய்வேடு செல்லாது. ஜூலையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் போய்விடும்.

வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்து அத்தா கண்டுபிடித்துவிட்டார். "நீ எழுதினத நீ எழுதினதுக்கா திருடின்றாங்க?" என்று கேட்டார்.

ருக்ஸானா

*

ஸ்டுட்கார்ட்,
21 ஏப்ரல் 2024

ருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் சாப்பிடவில்லை. அதனால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்கான படிவத்தில் எழுதியவர்கள் பெயர் கேட்டிருந்தது. உன் பெயரையும் போட்டேன். எந்தப் பல்கலைக்கழகம், யார் வழிகாட்டி என்றெல்லாம் கேட்டது. உன்னைக் கேட்டுப் போடலாம் என்று உன் பெயரை எடுத்துவிட்டேன். அன்று மாலையோடு படிவம் மூடிவிட்டது. பிறகு சேர்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் எல்லோரும் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பேராசிரியர் எல்லோர் எதிரிலும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இதில் பாதிக்குமேல் என்னுடையது இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீ ஆய்வேட்டில் அப்படியே போடுவாய் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அது என் மண்டையில் ஏறவே இல்லை, அல்லது நான் ஏறவிடவில்லை.

இப்போது நீ கேட்கும் கடிதத்தை எழுதினால் அது இங்கே வந்து சேரும். இதே மாதிரி விஷயத்தில் போன வருடம் ஒரு பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து என்னைப் பற்றிப் பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை, உனக்கே தெரியும். நான் பாதியில் வந்து நின்றால் அவர் தாங்கமாட்டார்.

ஒரு வழி இருக்கிறது. அந்த இடங்களில் எல்லாம் என் தொகுப்பிலிருந்து எடுத்ததாக அடிக்குறிப்பு போட்டுவிட்டால் அது திருட்டு ஆகாது. ஆய்வேடு செல்லும். என் படிப்பு முடியட்டும், நானே எல்லாவற்றையும் திருத்துகிறேன்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஸ்ம்ருதி

*

செம்பாக்கம்,
6 மே 2024

ஸ்ம்ருதிக்கு,

வேலை முடிந்தது. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உன் நவம்பர் கடிதத்தையும் ஜனவரிக் கடிதத்தையும் கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். 'உன் நோட்டுகளை டைப் செய்கிறேன்', 'நீ எழுதியபடியே' என்று நீயே எழுதியிருக்கிறாய். அது போதும். பையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

"அது என்னோடதுன்னு நிரூபிச்சா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதணும். அவங்க அந்தப் பொண்ணு படிக்கிற இடத்துக்கு எழுதுவாங்க. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். பிறகு, "ஏதாவது இருக்கா உங்கிட்ட?" என்றார்.

பை என் மடியில்தான் இருந்தது. மழைக்கு மறுநாள் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்கள் அப்பா எங்கள் வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. "இல்ல மேடம். அடிக்குறிப்பு போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு இடம். மூன்று நாள் ஆனது. ஒவ்வொன்றின் கீழும் 'ஸ்ம்ருதி தோத்தாத்ரி, 2024' என்று அடித்தேன். முதல் பத்து கஷ்டமாக இருந்தது. பிறகு விரல் தானாகப் போக ஆரம்பித்துவிட்டது. எண்பத்து மூன்றாவது வந்தபோது நின்றுவிட்டேன். பி.ஏ. இரண்டாம் வருடம் எழும்பூர் நூலகத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது எழுதின குறிப்பு அது. நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். பேனா அசைந்தால் நீ விழித்துக்கொள்வாய் என்று மெதுவாக, கோணல் கோணலாக எழுதினேன். அதன் கீழும் உன் பெயரைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஆய்வேடு செல்லும். ஆனால் சொந்தமாக எதுவும் இல்லை என்று தேர்ச்சி மதிப்பெண் மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி இடம் இல்லை. சொந்தமாக எதுவும் இல்லை என்பது அந்தத் தாளில் இருக்கும் வாசகம், நான் சேர்த்ததில்லை.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அழாதே. யாருக்காகச் செய்தேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

ருக்ஸானா

*

ஸ்டுட்கார்ட்,
23 நவம்பர் 2025

ருக்கு,

எழுத வேண்டாம் என்று நீ சொன்னபிறகு நான் உனக்கு எழுதும் பதினைந்தாவது கடிதம் இது. பதினான்கை அனுப்பவில்லை.

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்ததும் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டத்தை ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. கட்டுரையிலும் தொகுப்பிலும் திருத்தம் வந்துவிட்டது. உன் பெயர் முதலில் இருக்கிறது. சுட்டியைக் கீழே வைத்திருக்கிறேன். பயம் எல்லாம் தீர்ந்தபிறகு செய்தது இது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

தை மாதம் எனக்குக் கல்யாணம். அவர் பெயர் உமேஷ். குரோம்பேட்டையில் மண்டபம். அப்பா பத்திரிகை கொடுக்க உங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்கு முழுக்கத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ வந்தால் போதும். பேசக்கூட வேண்டாம்.

ஸ்ம்ருதி

*

செம்பாக்கம்,
16 டிசம்பர் 2025

ஸ்ம்ருதிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அப்பா வந்தார். தட்டில் பழம் வைத்து, நின்றுகொண்டே பத்திரிகையைக் கொடுத்தார். அத்தா அவரை உட்காரவைத்தார். அம்மா காபி போட்டாள்.

"ருக்ஸானாவும் இவளும் சேர்ந்துதான் அந்த ஆராய்ச்சியப் பண்ணாங்களாம் காஜா பாய். ரெண்டு பேர் பேரும் போட்டு வந்திருக்கு. இப்பதான் எங்கிட்ட சொல்றா, திருட்டுப் பொண்ணு" என்று சிரித்தார்.

அந்த வார்த்தை வந்ததும் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தா அசையவில்லை. "ஆமா சார், ரெண்டும் ஒண்ணாவே சுத்திகினு இருக்கும். பாதி நாள் உங்க பொண்ணு சாப்புட்டது எங்க வூட்லதான்" என்றார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

பிறகு என்னிடம், "அத்தக் காட்டு" என்றார். போனில் திறந்து காட்டினேன். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. "இதுல எது நீ?" என்றார். காட்டினேன். "முன்னாடியே போட்டுக்கிறாங்களே" என்று சந்தோஷப்பட்டார். ஜைத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பறம் ஏம்மா மூஞ்சி இப்பிடி கீது?" என்றார்.

அதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இயந்திரம் எழுதும் தமிழைப் படித்துச் சரி, தவறு என்று குறிக்கும் வேலை. தினமும் நானூறு வாக்கியம். சில வாக்கியம் நன்றாகவே இருக்கும். போன மாதம் ஒன்று அவ்வளவு அழகாக வந்தது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அன்று தோன்றவில்லை. சரி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வண்டலூர் தாண்டி பஸ் வரும்போதுதான் எனக்கே அது உறைத்தது. கோபம் எப்போதோ போய்விட்டது ஸ்ம்ருதி. கோபம் போனால் பழையபடி ஆகிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஆகவில்லை.

திருத்தம் போட்டதற்கு நன்றி. அதற்கு என்ன விலை கொடுத்தாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. உங்கள் அப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். நீயும் சொல்ல வேண்டாம். அவர் அப்படியே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு அத்தாவும் அம்மாவும் வருவார்கள். அம்மா புடவைகூட எடுத்துவிட்டாள். நான் வரமாட்டேன். எனக்கு அன்றைக்கு வேலை என்று அத்தா சொல்லுவார், யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்லிவிடு.

பெரிய மண்டபங்களில் அத்தாவுக்குக் கூச்சம். உள்ளே வராமல் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். யாரையாவது அனுப்பி அவரை முன்னால் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைக்கச் சொல்.

ருக்ஸானா